குளம் பார்க்க வந்தவர்கள்

"இந்தப் பக்கத்திலை பாக்கிறதுக்கு என்னென்ன இருக்கு அக்கா?"

வாடகை வான் வண்டியிலிருந்து மகனோடு இறங்கிய பெண், கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு இப்படிக் கேட்டதும் கமலாட்சிக்கு நெஞ்சு பக்கென்றது.

வந்துவிட்டார்கள்.

கலியாணத் தரகர் நடராசா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை பிரான்சில் இருக்கிறவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் தாயும் மகனும் இரணைமடுக் குளத்தடிக் கோயிலுக்கு, ஊர் பார்க்க வந்தவர்கள்போல் வருவார்கள். மஞ்சள் சேலை உடுத்த பெண் என்று அடையாளம் சொல்லியாயிற்று. பிடித்திருந்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை, குளம் பார்த்துவிட்டுப் போனதாக இருக்கட்டும். அதுவரை இரண்டு பகுதியும் ஒன்றும் தெரியாததுபோல் நடந்துகொள்ள வேண்டும்.

படம் அனுப்பவே கூடாது என்று மகள் நிரோஜா ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். முதல் சம்பந்தத்தில் அவளுடைய படம் ஊரிலுள்ள போனெல்லாம் சுற்றியது. அடுத்தது வீட்டுக்கே வந்தது. பலகாரம் தின்றுவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவேயில்லை. செத்தவீட்டுக்கு வருவதுபோல் சொந்த ஊரான முரசுமோட்டைச் சனம் வந்து துக்கம் விசாரித்தது.

"இதுதான் கடைசி அம்மா. இனி ஒருத்தருக்கு முன்னாலையும் போய் நிக்கமாட்டன்" என்று காலையில் சேலை உடுக்கும்போதே சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் அவள்.

எனவே கமலாட்சி ஊரைக் காட்டத் தொடங்கினாள்.

புளியம்பொக்கணை நாகதம்பிரானைச் சொன்னாள். அங்கே போகும் வழியெல்லாம் நிரோஜாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றாள். முரசுமோட்டை வயல்கள் இப்போதுதான் கதிர் தள்ளி நிற்கின்றன என்றாள். அந்த அரிசியை நிரோஜாவின் கையால் சமைத்துச் சாப்பிட்டால் எழும்ப மனம் வராது என்றாள். சுண்டிக்குளத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே வெளிநாட்டிலிருந்து பறவைகள்கூடத் துணை தேடி வருமென்று தன்பாட்டில் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு அந்தப் பெண்ணின் மகனைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

அவன் அணைக்கட்டின் விளிம்பில் நின்று குளத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

வெட்கப்படுகிறான், நல்ல பிள்ளை என்று கமலாட்சி நினைத்தாள். நிரோஜாவோ கல்லுப்போல் நின்றாள். முழங்கையால் இடித்தும் ஒரு சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேட்டியும் ரப்பர் செருப்புமாக ஒருவன். பின்னால் நூல் சேலையில் ஓர் அம்மா. இறங்கியவர்கள் கோயிலுக்கும் போகாமல் குளத்துக்கும் போகாமல் இவர்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள்.

"நாங்களும் ஊர் பாக்கத்தான் வந்தனாங்கள்" என்றான் அவன்.

கமலாட்சிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இதுகள் வேறு.

"முல்லைத்தீவுக் கடற்கரை இருக்கு, வற்றாப்பளை அம்மன் இருக்கு. பரந்தன் போய், புதுக்குடியிருப்பு றோட்டைப் பிடியுங்கோ. இப்பவே வெளிக்கிட்டால்தான் இருட்ட முந்திப் போய்ச் சேரலாம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துப் பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

அதோடு விட்டாளா நிரோஜா? வழி சொல்லிவிட்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிள் வரைக்கும் அவர்களோடு போனாள். மாப்பிள்ளை வீட்டை நடுவில் நிறுத்திவிட்டு, போகிற வருகிறவர்களுக்கு வழி காட்டுகிற பிள்ளையைப் பெற்ற தன் விதியைக் கமலாட்சி நொந்துகொண்டாள்.

மகள் திரும்பி வந்தபோது வான் பெண்ணும் புறப்பட ஆயத்தமாகிவிட்டார்.

"நல்ல சந்தோசம் அக்கா. கனடாவிலையிருந்து இவ்வளவு தூரம் வந்தும் மருமகளுக்குத்தான் குடுத்துவைக்கேல்லை. வெயில் ஒத்துக்கொள்ளாமல் ஹோட்டல்லை படுத்திருக்கிறா."

எந்த மருமகள் என்று கமலாட்சி கேட்பதற்குள் வான் போய்விட்டது.

போன் அடித்தது. நடராசா.

"என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்? பெடியனைப் பிடிக்கேல்லை எண்டால் எனக்குச் சொல்லியிருக்கலாமே. முகத்துக்கு நேரை முல்லைத்தீவுக்குப் போகச் சொன்னனீங்களாம். தாய்மனுசி போன் எடுத்துச் சொல்லி அழுகிறா."

கமலாட்சி அணைக்கட்டுக் கல்லில் அப்படியே இருந்துவிட்டாள். மகளுடைய கடைசிச் சம்பந்தத்தைத் தன் வாயாலேயே கலைத்துவிட்டாளே. மகளை நிமிர்ந்து பார்க்கவும் துணிவு வரவில்லை.

"எழும்புங்கோ அம்மா" என்றாள் நிரோஜா. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "அவை முல்லைத்தீவுக்குப் போகேல்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையிலை நிப்பினம். இந்தப் பக்கத்திலை அதுதான் நல்ல இடமெண்டு தாய்க்குக் கேக்காமல் அவருக்கு நான் சொல்லிவிட்டனான்."

கமலாட்சி எழும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"இவைதான் எண்டு உனக்கு எப்பிடியடி தெரியும்?"

நிரோஜா சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஊர் பாக்க வந்தவர் நிண்ட நேரமெல்லாம் குளத்தைத்தானே அம்மா பாத்தவர். மற்றவர் ஒருக்கால்கூடக் குளத்தைத் திரும்பிப் பாக்கேல்லை."