நடிக்க வராது என்றவள்

“சனிக்கிழமை படம் எடுக்கறதா இருந்தா எங்க மலைமேட்டைத் தர்றேன். இல்லேன்னா வேற ஊரைப் பாத்துக்கம்மா.”

வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக்கொண்டே லெகி அத்தை சொன்னாள். செல்டன் எடுக்கும் முதல் குறும்படம் இது. இருபது நிமிடம்தான். மகன் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள், தகப்பன் மலைமேட்டில் நூற்றெட்டு வெள்ளைக் கொடிகள் நட்டு அவனை வழியனுப்புவதோடு படம் முடியும். யாருமே சாகாமல் சாவுக் கொடியா என்று நான்கு ஊர்களில் விரட்டிவிட்டார்கள். இந்த ஐந்தாவது ஊரில் லெகி அத்தை ஒருத்திதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“அப்பாவா நடிக்கிறவர் வெள்ளிக்கிழமையே திம்பு திரும்பணும், அத்தை. வியாழக்கிழமை வெச்சுக்கலாமே?”

“அவர் போகட்டும். அப்பாவா எங்க வீட்டுக்காரர் நடிப்பாரு.”

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த நிடுப் மாமாவுக்குப் புரையேறியது. “நானா? அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தப்பவே மூணு தடவை கண்ணை மூடிட்டேன்.”

“இன்னொண்ணு. செத்தவன் பேரு உன் கதையில நோர்பு. அதை ஜம்யாங்னு மாத்திடு. மந்திரம் சொல்றவரும் நிஜ லாமாவா இருக்கணும். நான் பேசிட்டேன்.”

“ஜம்யாங் யாரு?”

“எங்க பையன். ஆஸ்திரேலியாவுல படிக்கிறான்.”

செல்டன் கோப்பையைக் கீழே வைத்தாள். பெற்ற பிள்ளையின் பெயரையா?

மாமாதான் விளக்கினார். “அவனுக்கு இந்த வருஷம் கண்டமாம். உங்க அத்தைகிட்ட லாமா சொன்னாராம். பொய்யா ஒரு சாவுச் சடங்கு பண்ணிட்டா, நிஜமா வர்றது ஏமாந்து திரும்பிப் போயிடுமாம். பாவம், இவ தூங்கியே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நல்ல நேரத்துல வந்தம்மா நீ.”

செல்டன் வெளியே போய், நடிகருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து, “அப்போ பக்கத்துல அம்மாவா நீங்களும் நில்லுங்க, அத்தை” என்றாள்.

“ஐயோ, எனக்கு நடிக்க வராதும்மா.”

சனிக்கிழமை விடியும்போதே காற்று எழுந்துவிட்டது. மாமா புது உடுப்பில், எண்ணெய் தடவி வாரிய தலையோடு வந்து ஒரு கொடிக்கம்பத்தைத் தோளில் ஏற்றினார்.

“கீழ வைங்க. இருதய ஆபரேஷன் ஆகி நாலு மாசம்கூட ஆகல” என்று அத்தை அதட்டினாள்.

“பாத்தியா? பையனை விட்டுட்டு என்னை மிரட்டுறா. அவன் எனக்குப் போன் பண்றதே இல்ல. பரீட்சையாம். அம்மாவுக்கு மட்டும் ரெண்டு வரி எழுதிப் போடுவான்.”

லாமா மந்திரத்தைத் தொடங்கினார். கொடிகள் ஒவ்வொன்றாக எழுந்து படபடத்தன. மாமா கேமராவைப் பார்த்தார், பல்லைக் காட்டினார், மூன்று முறை கெடுத்தார்.

“நான் அழணுமா?”

“அழக் கூடாது.” கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அழுதா போறவனுக்கு வழி மறைஞ்சிடும்.”

“படத்துலதானேடி போறான்” என்று மாமா சிரித்தார். லாமா சிரிக்கவில்லை.

நான்காவது முறை சரியாக வந்தது. நெய்விளக்கைக் காற்றிலிருந்து கையால் மறைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்த வசனத்தை மாமா மெதுவாகச் சொன்னார். “பயப்படாமப் போ, ஜம்யாங். அப்பா வெளிச்சம் காட்டுறேன்.”

கேமராவை நிறுத்தியதும் கைகளைத் தட்டிக்கொண்டார். “கண்டம் கழிஞ்சது. இனிமே நூறு வயசு இருப்பான்.” பாடிக்கொண்டே சரிவில் இறங்கி வீட்டுக்குப் போனார்.

கொடி நட உதவிய ஊர்ப் பையன்கள் அவற்றைப் பிடுங்க வந்தார்கள்.

“அது இருக்கட்டும், தம்பி” என்றாள் அத்தை. காலையிலிருந்து உருட்டிய ஜபமாலை இன்னும் அவள் விரலிலேயே இருந்தது.

“மாமா அசத்திட்டாரு, அத்தை” என்றாள் செல்டன். “ஜம்யாங் நம்பர் குடுங்க. அப்பா நடிச்சதை இப்பவே அனுப்பிடறேன். பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பான்.”

மாமாவின் பாட்டு வீட்டுக்குள் போய் அடங்கும்வரை அத்தை சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் போயி இன்னியோட நாப்பத்தொம்பது நாள் ஆச்சும்மா. நடிக்க வராதுன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”