மீட்டர் பெட்டி மேல் மூன்று குச்சி

"கையை எடுப்பா! எடுன்னு சொல்றேன்ல!"

மீட்டர்க்காரர் போட்ட சத்தத்தில் வேன்காரர் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்தது. இன்னொரு கையில் திராட்சைக் கொடியின் பச்சைத் தளிர், நாலு விரல் நீளம்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. லீவு நாளாச்சே, கொஞ்சம் கண்ணயரலாம் என்று ஜன்னலோரம் சாய்ந்தவர் கண்ணில்தான் இது படவேண்டுமா?

"தப்புதான் அண்ணே," எதிர்வீட்டு வேன்காரர் நெளிந்தார். "போன வாரம் ஒரு கொத்து கொடுத்தீங்கள்ல? பொண்ணு அதையே கேட்டு உயிரை எடுக்கிறா. வீட்டுலயே ஒண்ணு நட்டுடலாம்னு..."

"கேட்டா தரமாட்டேனா?"

"ரெண்டு தடவை கேட்டேனே அண்ணே. பார்க்கலாம் பார்க்கலாம்னீங்க."

மீட்டர்க்காரர் குரல் இன்னும் ஏறியது.

"அதுக்காகத் திருடுவியா? பழம் கேளு, கூடை நிறையத் தர்றேன். கொடியில மட்டும் கை வெக்காதே!"

பக்கத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. வேன்காரர் தளிரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அது வெள்ளைத் திராட்சை. போன கோடையில் தெருவிலிருந்த செடியெல்லாம் கருகியபோது இது மட்டும் இலை வாடாமல் நின்றது. குளிரில் வெறும் விறகாகிப் போய், செத்தது என்று கைகழுவிய பிறகு மொட்டு விட்டது. பழுத்தாலும் நிறம் மாறாத ஜாதி வேறு. பழுத்துவிட்டதா என்று தினம் ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்ததிலேயே ஒரு கொத்து காலி!

இருபது வருஷமாக அவரை 'மீட்டரு' என்றே கூப்பிட்ட தெரு, இந்த வருஷம்தான் 'திராட்சை வீட்டுக்காரர்' என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டிலும் காய்த்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

"எதுக்குங்க இத்தனை கூப்பாடு?" மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "நர்சரியில வாங்கினதுதானே? எந்த நர்சரின்னு சொன்னா அவரும் போய் வாங்கிக்கிறார்."

"அது... மூடிட்டாங்க."

அப்படி ஒரு நர்சரி இருந்தால்தானே மூடுவதற்கு?

நாலு வருஷத்துக்கு முன்னால், கண்ணாடிக்காரம்மா வீட்டில் மீட்டர் பார்க்கப் போனார். அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. மீட்டர் பெட்டிக்கு மேலேயே பந்தல், பந்தல் கொள்ளாமல் கொத்துக் கொத்தாகத் திராட்சை. அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு தளிரைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். டம்ளர் தண்ணீரில் வைத்தது மூன்றாம் நாளே துவண்டுவிட்டது.

அடுத்த தடவை போனால், மீட்டர் பெட்டி மேல் ஈரச் சாக்கில் சுற்றிய மூன்று குச்சிகள், பென்சில் கனத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் சிவப்பு நூல். வேண்டாமென்று வெட்டிப் போட்டதாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதையும் பையில் போட்டுக்கொண்டார். நூல் முனை மேலேயா, கீழேயா என்று புரியாமல் இரண்டை ஒருமாதிரியும் ஒன்றைத் தலைகீழாகவும் நட்டார். நூல் மண்ணுக்குள் போன அந்த ஒன்றுதான் பிழைத்தது.

ஆனால் குப்பையில் போடுகிற குச்சிக்கு யாராவது ஈரச் சாக்கு சுற்றுவார்களா? நூல் கட்டுவார்களா? அந்தக் கேள்வி நாலு வருஷமாக அவரைக் குடைந்துகொண்டேயிருந்தது. கேட்கவா முடியும்? ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் மட்டும் நம்பரைக் குறித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் ஓடிவந்துவிடுவார்.

இந்தத் தடவை ஓட முடியவில்லை. கண்ணாடிக்காரம்மா பந்தலடியில் கத்திரியும் கையுமாக நின்றிருந்தார்.

"வாங்க. உங்க வீட்டுக் கொடி நல்லா காய்ச்சுதாமே?"

"எ... எந்தக் கொடிம்மா?"

"எங்க ஸ்கூல் வேன்காரர் ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தார். என்னப்பான்னு கேட்டேன். எல்லாத்தையும் சொன்னார்."

மீட்டர்க்காரர் சட்டென்று மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மீட்டரில் நம்பர் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது.

"கேட்காம வெட்டினா கோபம் வராதாம்மா?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"வரும், வரும். ஆனா பாருங்க, பச்சைத் தளிரைக் கிள்ளிட்டுப் போனா துவண்டுதான் போகும். முத்தின குச்சிதான் வேர் பிடிக்கும். பாவம், தெரியாம கிள்ளியிருக்கார்."

சொல்லிக்கொண்டே மீட்டர் பெட்டி மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். ஈரச் சாக்கு. மூன்று குச்சி. சிவப்பு நூல்.

மீட்டர்க்காரர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்பதான் கொடியைக் கழிச்சேன், நல்ல குச்சியாப் பார்த்து எடுத்து வெச்சேன். நூல் கட்டின முனை மண்ணுக்குள்ள போகணும். இந்தத் தடவை மறக்காம சீட்டு எழுதிச் செருகியிருக்கேன்."

"அம்மா... நானே அவர் கையில கொடுத்து..."

"ஐயோ, கையில கொடுக்காதீங்க. கூசிப்போயிடுவார். உங்க சுவர் மேல, அவர் கண்ணுல படுற மாதிரி வெச்சிடுங்க, போதும்."

கத்திரியை முந்தானையில் துடைத்தபடி கண்ணாடிக்காரம்மா சொன்னார்:

"அவர் எடுக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோங்க. நான் அப்படித்தான் நின்னேன்."