பாப்பா சீட்டு

"என்ன சார், இன்னைக்குப் பாப்பா வரலையா?"

கோரிப்பாளையம் சிக்னலில் டிராபிக் ஏட்டு ஆண்டிச்சாமி கார் ஜன்னலில் குனிந்து கேட்டார். ஸ்வப்னாவுக்குப் பகீரென்றது.

கல்யாணமாகி இத்தனை வருசமாச்சு. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இவர்கள் காரில் எந்தப் பாப்பா வரும்?

புருசன் வெங்கடேஷ்பாபுவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"போன வாரம் சொல்லிவிட்டேனே, பாப்பாவுக்குச் சீட்டு வாங்கிட்டீகளா?"

"வாங்கிட்டேன் சார். டிக்கியில இருக்கு."

"டிக்கியில வைக்கவா வாங்கச் சொன்னேன்? ஓரங்கட்டுங்க, பாப்போம்."

ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தான். பின்னாலேயே ஸ்வப்னாவும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே ரோஸ் கலரில், வாரு வைத்த குழந்தை சீட்டு. அதன்மேல் விரலளவுக்கு ஒரு சாக்ஸ்.

ஏட்டுக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்கம்மா, நானும் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். பதினாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக கார்ல வந்தா பெல்ட்டுப் போடணும், கைப்பிள்ளைன்னா இந்த மாதிரி சீட்டு வேணும். இல்லாட்டி ஓட்டுறவருக்கு அபராதம். சட்டமே இருக்கு! எவன் கேக்குறான்? 'பெத்தவ மடியவிடப் பத்திரமான எடம் எது ஏட்டய்யா'ன்னு என்னையவே மடக்குறாங்கெ. சடன் பிரேக் போட்டா மடியாவது, கையாவது? பிள்ளை பந்து கெணக்காப் போயி கண்ணாடியில அடிக்கும். சொன்னதைக் கேட்ட ஒரே ஆளு சார்தான். தங்கமான மனுசன்!"

சொல்லிக்கொண்டே ஸ்வப்னாவை உற்றுப் பார்த்தார்.

"ஆமா... அன்னைக்கு முன்சீட்டுல பிள்ளைய மடியில வச்சிருந்தது நீங்க இல்லையே? அது சின்னப் பொண்ணால்ல..."

பாதியிலேயே நாக்கைக் கடித்தார். "ஏய் ஆட்டோ! யார்ரா அவன் குறுக்க வாரது?" என்று, இல்லாத ஆட்டோவைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டே நழுவிவிட்டார்.

காருக்குள் ஏறியதும் ஸ்வப்னா பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். ஆத்திரம் வந்துவிட்டால் மட்டும் அவளுக்குத் தமிழ்தான் வரும்.

"யாரு அவ?"

அவன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான்.

"கேக்குறேன்ல? பேரைச் சொல்லுங்க!"

"பேரை மட்டும் கேக்காத, ஸ்வப்னா."

"ஓஹோ! பேரைச் சொன்னா மகாராணி தேஞ்சு போயிருவாளோ? பிள்ளை யாரு பிள்ளை?"

"பொறக்கும்போதே ஒரு காலு வளைஞ்சிருக்கு. வாராவாரம் பெரியாஸ்பத்திரியில மாவுக்கட்டு மாத்தணும். பஸ்ஸுக்கு வெயில்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு. பாத்துட்டு எப்பிடி விட்டுட்டு வாரது?"

"ஊருல வெயில்ல நிக்கிற பொம்பளைக்கெல்லாம் காரு அனுப்புறீகளா? அவ புருசன் செத்தா போயிட்டான்?"

"திருப்பூர்ல வேலை. மாசத்துக்கு ஒருதடவதான் வருவாப்ல."

"வசதியாப் போச்சு!" நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எனக்கு வயிறு திறக்கலன்னு தெருவே பேசுச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசலயேன்னு உங்களைச் சாமி மாதிரி நெனச்சேனே! இந்தா, இப்பவே எங்கப்பாவுக்குப் போன் போடுறேன்."

"போடு. அவரும் ஒருநாள் வந்து பாக்கணும்னுதான் எனக்கும் ஆசை."

கையிலிருந்த போன் நழுவி மடியில் விழுந்தது. இம்புட்டுத் துணிச்சலா இந்த மனுசனுக்கு?

"வண்டியத் திருப்புங்க," என்றாள். குரலே மாறிப்போயிருந்தது. "அவ வீட்டுக்கு விடுங்க. அவளை நாலு வார்த்தை கேட்டுட்டு, அப்பிடியே எங்கப்பா வீட்டுக்குப் போறேன். ஒங்க சங்காத்தமே வேணாம்."

அவன் மறுபேச்சில்லாமல் திருப்பினான்.

செல்லூரில் ஒரு முட்டுச்சந்து. வரிசையாக ஓட்டு வீடுகள். கடைசி வீட்டு முன்னால் கார் நின்றதுமே ஸ்வப்னா இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைப் படபடவென்று தட்டினாள். கேட்க வேண்டிய வார்த்தையெல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"இந்தா வாரேன் மாமா..."

உள்ளிருந்து வந்த குரல் அதைச் சொன்னது சௌராஷ்டிரத்தில். தட்டுவதை ஸ்வப்னா நிறுத்திவிட்டாள்.

கதவு திறந்தது. காலில் மாவுக்கட்டோடு ஒரு கைப்பிள்ளை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், வெளியே நிற்பது யாரென்று பார்த்ததும் ரெண்டெட்டு பின்னால் போனாள்.

"அக்கா!"

எழுமலை ஊர்க்கார, வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு, சாதிசனத்தை விட்டுப் போனவள். ஸ்வப்னாவின் கூடப்பிறந்த தங்கச்சி.

இழுத்துச் செருகியிருந்த சேலையை ஸ்வப்னா இறக்கிவிட்டாள். பிள்ளை அவளைப் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து சிரித்தது.

அதன் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க... அம்புட்டுத் திட்டுத் திட்டுனேனே. இவதான்னு பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

வெங்கடேஷ்பாபு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"செத்தாலும் இவ பேரை உன் காதுபடச் சொல்லக்கூடாதுன்னு, சூடத்தை அணைக்க வச்சு எங்கிட்டச் சத்தியம் வாங்குனது நீதானே, ஸ்வப்னா?"