வலி தெரியக் கூடாது

"என் மருமகளுக்கு வலி கொஞ்சம்கூடத் தெரியக் கூடாது. அந்த முதுகு ஊசியை இப்பவே போட்டுடுங்க டாக்டர்."

பிரசவ அறை வாசலில் டாக்டரை மறித்துக்கொண்டு மாமியார் கேட்டாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டு, "போட்டுடலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எதிர் நாற்காலியில் ஓர் அம்மா கம்பளி நூலில் குழந்தைக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். அவள் மகளும் உள்ளேதான் இருந்தாள். தலைப்பிரசவம்.

"வலி வர்றதுக்கு முன்னாடியே ஊசியா?" என்றாள், பின்னலை நிறுத்தாமல். "நாங்கல்லாம் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பெத்தோம்."

மாமியார் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என் பொண்ணும் கேட்டா. மூச்சு விடக் கூடாதுன்னுட்டேன். நோகாமப் பெத்தா அது பிள்ளையா, கடையில வாங்கின பொம்மையா?"

"கேட்டா போடச் சொல்லுங்கம்மா. வலிச்சாத்தான் தாயா?"

"மருமகளை இந்தத் தாங்கு தாங்கினா நாளைக்கு உங்க தலையில ஏறி உட்காருவா. சரி, அது உங்க பாடு. நூல் மிச்சம் இருக்கு, உங்க பேரப்பிள்ளைக்கும் ஒரு குல்லா பின்னட்டுமா?"

"வேண்டாம்மா."

"சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"வேண்டாம்."

குல்லா அம்மாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருந்த கணவரிடம், எதிரில் கேட்கும்படியே முணுமுணுத்தாள். "கரிசனமெல்லாம் ஊசியோட சரி. பிறக்கப்போற பிள்ளையைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினாளா பாருங்க."

உள்ளேயிருந்து அவள் மகள் அலறினாள். பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மறுபடி அலறல்.

மாமியார் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நல்லபடியா ஆகும்."

வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை. கடைசியில் குழந்தையின் அழுகை கேட்டது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"பேத்தி பிறந்திருக்கும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

குல்லா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போன தெம்பு திரும்பிவிட்டது.

"பார்த்தீங்களா, ஊசி இல்லாமலே ஆச்சு. உங்க வீட்டுச் சத்தத்தைத்தான் இன்னும் காணோம்."

நர்ஸ் மாமியாரின் பக்கம் குனிந்தாள். குரல் தணிந்தது.

"உங்க மருமகளுக்கும் ஆயிடுச்சும்மா. நீங்க கேட்ட மாதிரியே வலி தெரியலை அவளுக்கு. பிள்ளையைத் துணியில சுத்தி அவ பக்கத்துல படுக்க வெச்சிருக்கோம். நேத்தே வயித்துல துடிப்பு நின்ன பிள்ளைன்னு சொல்ல முடியாது. தூங்கற மாதிரி இருக்கு. வந்து பாருங்க."

குல்லா அம்மா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது தெரிஞ்சுதானா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க? நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமியார் எழுந்தாள்.

"உங்க பொண்ணு உள்ள கத்திக்கிட்டு இருந்தாளேம்மா. அந்த நேரத்துல இதை எப்படி உங்க காதுல போடறது?"