பாதி டம்ளர்

குடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்திருக்கிறோம் என்று.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, எதிரே இருந்த பெரியவருக்குக் கன்னத்தைக் காட்டி, இடப்பக்கச் சுவரைப் பார்த்தபடி நாலு மடக்கு.

மேசையில் பேச்சு நின்றுவிட்டது.

கரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல். ஏசி ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. இந்தப் பக்கம் அவள், அம்மா, அப்பா. அந்தப் பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள்: மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அவன் அப்பா. அந்த அப்பாதான் பெரியவர்.

கொரியத் தொடர்களில் அது மரியாதை. பெரியவர் எதிரில் இருந்தால் சின்னவர்கள் கொஞ்சம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பார்கள்.

கரூரில் அது மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது.

ஆறு வருடப் பழக்கம். கோவை ஹாஸ்டலில் அவளும் அறைத்தோழி சௌபர்ணிகாவும் ரோஸ்மில்க்கை அப்படித்தான் குடித்தார்கள். ஒருத்தி பெரியவளாக விறைப்பாக உட்கார வேண்டும். மற்றவள் திரும்பிக் குடிக்க வேண்டும். சிரித்துச் சிரித்துப் பாதி மூக்கில் ஏறும். சௌபர்ணிகா கல்யாணமாகிப் போய்விட்டாள். பழக்கம் போகவில்லை.

அந்தக் கொரியாப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று அம்மா நேற்றே கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

போன முறை வந்தவன், என்ன பிடிக்கும் என்று கேட்டான். இவளும் நம்பிச் சொன்னாள். ஒரு தொடரின் கடைசிப் பகுதியை ஏழு முறை பார்த்து ஏழு முறையும் அழுததைக்கூடச் சொன்னாள். கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் விட்டுவிடுவீர்கள்தானே என்று சிரித்தான். விடுவதற்கு அது என்ன, பிடித்த சளியா? அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதனால் இன்றைக்கு ஓர் ஏற்பாடு. பையனைப் பிடிக்கவில்லை என்றால் காபியைப் பாதியில் வைத்துவிட வேண்டும். பிடித்திருந்தால் முழுதும் குடிக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

பாதிதான் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே. நியாயமில்லைதான்.

இப்போது டம்ளர் மேசையில். சரியாகப் பாதி.

அவன் அம்மா திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தாள். தீயணைப்புக் கருவி ஒன்று தொங்கியது. அவ்வளவுதான்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளைக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குது" என்றார்.

அப்பா அவசரமாகச் சட்னியைப் புகழ்ந்தார். மேசைக்கு அடியில் அம்மாவின் கிள்ளல் விழுந்தது.

அப்போது மாப்பிள்ளைப் பையன் அவள் பக்கமாகக் குனிந்தான். வந்ததிலிருந்து சர்வரிடம் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னதைத் தவிர வாயைத் திறக்காதவன்.

"அது காபிக்கு இல்லீங்க."

அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் இன்னும் குழம்பிப்போனாள்.

உண்மைதான். காபிக்கு இல்லை. மேலதிகாரி ஊற்றிக்கொடுக்கும் மதுவைத்தான் அவர்கள் அப்படித் திரும்பிக்கொண்டு குடிப்பார்கள். காபியை அவர்களும் நம்மைப் போல நேராகத்தான் குடிக்கிறார்கள். ரோஸ்மில்க் குடித்த நாளில் அந்த வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்?

சரி. இவனுக்கு எப்படித் தெரியும்?

"எது காபிக்கு இல்லையாம்?" என்றாள் அவன் அம்மா.

அவன் விழித்தான். சொல்வதென்றால், பெண் சாராயம் குடிக்கிற முறையில் காபி குடித்தாள் என்றல்லவா சொல்ல வேண்டும்? மீசையைத் தடவிக்கொண்டான்.

கிண்டலா? அப்படியென்றால் போனவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? இல்லை, திருத்துகிறானா? தப்புக் கண்டுபிடிக்கிறவனோடு ஆயுசுக்கும் மாரடிக்க முடியாது. இவன் தங்கச்சி யாராவது கொரியத் தொடர் பார்ப்பாளோ? பக்கத்தில் உட்கார்ந்து இவனும் பார்த்திருப்பானோ? பார்த்து அழுதிருப்பானோ?

முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஒரே கேள்வி கேட்டால் போதும். ஆனால் கொரியா என்று எடுத்தால் அம்மா இங்கேயே மயங்கி விழுவாள்.

அவனுடைய சர்க்கரையில்லாத காபி அப்போதுதான் வந்தது. சர்வர் நீட்டினார். வலக்கையால் வாங்கினான். இடக்கை தானாக வலது முழங்கைக்கு அடியில் போய்த் தாங்கியது.

தொடர்களில் பெரியவர்களிடம் எதையும் இப்படிக் கையைத் தாங்கித்தான் வாங்குவார்கள்.

கோயிலில் விபூதி வாங்கும்போது எல்லாரும் கையைத் தாங்குகிறவர்கள்தான். சர்வரிடம் காபி வாங்க யார் தாங்குகிறார்கள்?

ஒருவேளை இவன் தாங்குவானோ. சும்மாவே. யார் கண்டது?

அம்மாவின் பார்வை பாதி டம்ளரில் நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரிங்க, நாங்க வீட்டுல கலந்து பேசிட்டு..."

அவளுக்கு இன்னும் ஒன்றும் தெளியவில்லை. ஏழு முறை அழவைத்த தொடரில்கூட இப்படி ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை.

டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். காபி ஆறி ஏடு கட்டியிருந்தது.

இந்த முறை நேராக உட்கார்ந்தாள். பெரியவருக்கு எதிரே, அவர் மகனுக்கும் எதிரே.

அம்மா, சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.