ஏழாவது இலை

"ஏன் மர்யம், புருசன் குவைத்துல வெயில்ல வேகுறான். நீ இங்க செடிக்கு ஏசி போட்டு வச்சிருக்கியாமே?"

ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார். மர்யமுக்கு முகம் சூடானது.

உள்ளறையிலிருந்து மாமியார் ரோஷன் பேகத்தின் குரல் வந்தது.

"அவளை ஏன் கேக்குறே? செடிக்குக் காவல் நான்தான். உள்ள வா. வந்ததும் கதவைச் சாத்து, குளிரு போயிடும்!"

கட்டிலுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் தொட்டி. இதய வடிவில் கரும்பச்சை இலைகள், தொட்டால் வெல்வெட். தொட்டிக்கு அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டு. அழகுக்கு வைத்ததாக மாமி சொல்லியிருந்தார். இப்போது மெல்லிய பிரஷ்ஷால் இலைகளில் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"ஈரத்துணி படக் கூடாது. போர் தண்ணி உப்பு, ஆவாது. ஏசியிலேர்ந்து சொட்டுறதை பக்கெட்ல புடிச்சு ஊத்துறேன். இது ஏழாவது இலை! நேத்து சஃபியுல்லாவுக்கு வீடியோவுல காட்டினேன். 'என்னைக்கூட நீங்க இப்படி வளக்கலையேம்மா'ங்கிறான்."

"செடிக்குப் போயி ஏசியா லாத்தா?" அக்கா முறை வைத்துக் கேட்டார் ஜன்னத்.

"என் மருமவ சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வீட்டுல மொத டிகிரி அவதான், தெரியும்ல?"

மர்யம் டீ போடுவதாகச் சொல்லி அடுப்படிக்கு நழுவினாள்.

போன கோடையில் மதியம் லுஹர் தொழுது எழும்போது மாமி மயங்கி விழுந்தார். மதிய வெக்கை ஆகவே ஆகாது என்றார் டாக்டர். சஃபியுல்லா ஏசி வாங்க வைத்தான். மாமி ரிமோட்டைத் தொடவில்லை.

"என் புள்ள அங்க வெயில்ல நிக்கிறான். எனக்குக் குளிர் காத்து கேக்குதா?"

கெஞ்சி ஓய்ந்த பிறகுதான் மர்யம் இந்தச் செடியை வாங்கி வந்தாள். "மதியம் ஏசி இல்லாட்டி செத்துடும் மாமி. நான் ஸ்கூலுக்குப் போயிடுறேன். நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கணும்."

உண்மையில் அது மழைக்காட்டுச் செடி. ஈரப் புழுக்கத்தில்தான் செழிக்கும். பள்ளியில் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வரும்.

டீயுடன் திரும்பியவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க லாத்தா. எனக்கும் ஒண்ணு வாங்கலாம்னு நர்சரிக்குப் போனேன். இதுக்கு ஏசியே ஆவாதாம். காத்து காஞ்சு இலை ஓரம் கருகிடுமாம். படிச்ச புள்ள உங்களை நல்லா ஏமாத்திடுச்சு!"

அவ்வளவுதான். இனி மாமி ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். மறுபடி அந்தப் புழுங்கும் கூடம், மறுபடி மயக்கம்.

"மெதுவாப் பேசு ஜன்னத், அவ காதுல விழப் போவுது." மாமியின் குரல் தாழ்ந்தது. "ரெண்டாவது இலை கருகினப்பவே நானும் விசாரிச்சுட்டேன். அதான் தட்டுல கல்லு போட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், சுத்தி ஈரமா இருக்கட்டும்னு."

"தெரிஞ்சுமா ஏசி போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"பொய் சொல்லவே தெரியாத புள்ள, எனக்காக ஒண்ணு சொல்லியிருக்கு. செடி வாடினா அவ மாட்டிக்குவா. வாட விட்டுடுவேனா?"