உள்ளாடையா, உபகரணமா?

கஸ்டம்ஸ் அதிகாரி வல்லரசு, பிராவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

திருவொற்றியூர் குடோனில் பெட்டி இறக்கும் ஆட்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். செங்கொடிக்குக் காது சுட்டது. இறக்குமதிச் சரக்கை கஸ்டம்ஸிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கண்டெய்னரில் என்னென்னவோ வந்து இறங்கிப் பார்த்திருக்கிறாள். இத்தனை பேர் நடுவில் ஒரு ஆம்பளை இதைப் போய் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறாள்.

“உள்ள ஒரு பை இருக்கே, எதுக்கும்மா?”

“எழுதிக் கொடுத்திருக்கோமே சார்.”

“நீ சொல்லு.”

செங்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கேன்சர் வந்து மார்பை எடுத்தவங்களுக்கு சார். சிலிக்கான்ல செஞ்ச மார்பை அந்தப் பைக்குள்ள வெச்சுப் போட்டுக்குவாங்க.”

“அது இல்லாம, மத்தவங்களும் சாதாரணமா போடலாமா?”

“போடலாம் சார். ஆனா யார் போடப் போறாங்க?”

“அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லு.”

சரக்கு நவ்ரீனுடையது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில், இந்த மாதிரிப் பெண்களுக்கென்றே சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள். மருத்துவ உபகரணத்தோடு சேர்ந்தது என்று வல்லரசு ஒத்துக்கொண்டால் வரி குறைவு. பெண்கள் உள்ளாடை என்று எழுதிவிட்டால் வரியும் ஏறும், கடையில் விலையும் ஏறும். வாங்க வருகிறவர்களோ, மருந்துக்கே திண்டாடுகிறவர்கள்.

மறுநாளும் வந்தார் வல்லரசு. பட்டையை இழுத்துப் பார்த்தார். தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரு பக்கம் மட்டும் பை வெச்ச மாடல் எதுனா இருக்கா?”

“இல்ல சார். எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும்தான்.”

“நல்லாப் பாரும்மா.”

“பார்த்துட்டேன் சார்.”

“சாருக்கு வுட்டுட்டுப் போவ மனசே வர்ல போல கீது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்புச் சத்தம் கேட்டது. வல்லரசு காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார்.

பெண்கள் உள்ளாடை.

செங்கொடியால் பொறுக்க முடியவில்லை. “சார், இது ஆசைக்கு வாங்குற துணி இல்ல. நாலு பேர் முன்னால கூசாம நடக்கணும்னு வாங்குறது.”

“எதுக்கு வாங்குறாங்கன்னு பார்த்து வரி போட முடியாதும்மா. பொருள் என்னன்னுதான் பார்க்கணும். நான் படிச்ச வரைக்கும் பிரான்னா பிராதான்.”

“ரெண்டு நாளா இதைத் தெரிஞ்சுக்கத்தான் தடவித் தடவிப் பார்த்தீங்களா சார்?”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வல்லரசு கோபப்படவில்லை. பேனாவை மூடினார்.

“உங்க பார்ட்டியை அப்பீல் போடச் சொல்லு. சும்மா விட்டுடப் போறாங்க. கண்டிப்பா போடச் சொல்லு.”

டோல்கேட் போகிற ஷேர் ஆட்டோவில் இருந்தபடியே நவ்ரீனுக்குப் போன் செய்தாள் செங்கொடி. “அந்தாளு ஒரு மாதிரிக்கா. பார்க்கறதையெல்லாம் பார்த்துட்டு, கடைசியில நம்ம தலையில கையை வெச்சுட்டான்.”

“வுடும்மா,” என்றாள் நவ்ரீன். “ஏத்தித்தான் விக்கணும். வேற வழி இன்னா கீது?”

அடுத்த வாரம், அப்பீல் பேப்பரில் கையெழுத்து வாங்க செங்கொடி கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே சட்டென்று நின்றாள். ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வல்லரசு இறங்கி வந்துகொண்டிருந்தார். இவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தெருவில் நடந்து போனார்.

செங்கொடி மூச்சு வாங்க மேலே ஏறினாள். “அக்கா, அந்தாளு இங்க எதுக்கு வந்தான்? எதுனா வம்பு பண்ணானா?”

“எந்தாளு? இப்ப போனாரே, அவரா?” நவ்ரீன் சிரித்தாள். “அவர் இன்னா வம்பு பண்ணப் போறாரு? சம்சாரத்துக்கு வாங்கிக்கினு போவ வருவாரு. ரொம்ப நாளா வர்றாரு. ஆபரேஷனுக்கப்புறம் அந்தம்மா வூட்டை வுட்டு வெளிய வர்றதே இல்லையாம்.”

செங்கொடி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அவர்தான்க்கா அந்த ஆபீசர்.”

நவ்ரீனின் சிரிப்பு நின்றது.

“விலை ஏறிப்போச்சு சார், தப்பா நினைக்காதீங்கன்னு சொன்னேன்மா. ‘எனக்குத் தெரியும், ஏத்துனதே நான்தான்’னாரு. தமாஷ் பண்றாருன்னு நினைச்சேன்.”